மனத்தாபம் காத்த மறை

நம் பெரியோர் ‘உத்தம மனஸ்தாப மந்திரம்’ என்று அழைத்த செபத்தை அறியாத தமிழ்க் கத்தோலிக்கர் அரியர். பாவசங்கீர்த்தனத் தொட்டியருகே முழந்தாளிடும்போது அதைச் சொல்கின்றோம். இரவுச் செபத்தின் முடிவில் சொல்கின்றோம். உயிர் பிரியும் தறுவாயில் இருப்பவரின் செவியருகே வீட்டுப் பெரியவர் ஒருவர் குனிந்து, ஒவ்வொரு சொல்லாக அதைச் சொல்லிக்கொடுப்பதையும் கண்டிருக்கின்றோம். புதுநன்மைக்கு ஆயத்தமான நாள்களில் மனப்பாடம் செய்த அச்செபத்தை நாக்கு இன்றும் மறக்கவில்லை. ஆயினும், நாவுக்குப் பழகிய செபம் நெஞ்சுக்குத் தூரமாகிவிடுவது மனித இயல்பு. அதன் முழுப் பாரத்தையும் உணர்ந்து நாம் சொன்ன நாள்கள் எத்தனை? விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இந்தச் செபத்தை ஊன்றுகோலாகப் பற்றிக்கொண்டு ஒரு திருச்சபை உயிரோடு நின்ற வரலாறு உண்டு. ஜப்பான் நாட்டின் தென்மேற்குக் கோடியில், நாகசாகியைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் தீவுகளிலும், 1644 முதல் 1865 வரை, 221 ஆண்டுகள் தங்களிடையே பணியாற்ற ஒரு குருவும் இன்றி, திருப்பலியும் இன்றி வாழ்ந்த எளிய உழவர், மீனவர் ஆகியோரின் வரலாறு அது. அவர்களுடைய முன்னோருள் பலர் வேதசாட்சிகள். ஆனால் அவர்களோ வேதசாட்சிகள் அல்லர். ஆண்டுதோறும் ஒருமுறை ஆண்டவரின் திருவுருவத்தைத் தங்கள் காலால் மிதித்தவர்கள். அவர்களைப் பற்றியே இக்கட்டுரையில் சிந்திக்க விரும்புகின்றோம். நெருக்கடியில் எழும் செபத்தில் தாழ்மைக்கும் விசுவாசத்துக்கும் உள்ள உறவை அவர்களைவிடத் தெளிவாக நமக்குக் காட்டக்கூடியவர்கள் மிகச் சிலரே என்பது நம் கருத்து.

முத்துக்குளித்துறையிலிருந்து ககோஷிமாவுக்கு

1549-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15, அன்னை மரியாளின் விண்ணேற்பு நாளன்று, புனித பிரான்சிஸ் சவேரியார் ஜப்பானின் தெற்கேயுள்ள ககோஷிமாவில் கரையிறங்கினார். நம் முத்துக்குளித்துறையில் 1542 முதல் கற்றுக்கொண்ட ஒரு பாடம் அவரோடு சென்றது. தமிழ் அறியாத அவர், இரு மொழியும் அறிந்த உள்ளூர் மக்கள் சிலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள், பரலோக மந்திரம், மங்கள வார்த்தை, பொதுப் பாவசங்கீர்த்தனம் ஆகியவற்றைத் தமிழில் ஆக்குவித்தார். தாமும் மனப்பாடம் செய்தார். கையில் மணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாகச் சென்று சிறுவரையும் பெரியவரையும் கூட்டி, அவர்களோடு சேர்ந்து ஓதினார். ஓர் ஊரை விட்டுப் புறப்படும்போது அச்செபங்களின் எழுத்துப் படியை அங்கே விட்டுச் சென்றார். தாம் இல்லாத நாள்களில் மக்களைக் கூட்டிச் செபம் சொல்விக்கவும், ஆபத்து வேளையில் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கவும் கணக்கப்பிள்ளைகளை ஏற்படுத்தினார்.

குரு வருவார், போவார். செபம் ஊரிலேயே தங்கவேண்டும் என்பது அவர் கண்ட வழி. ஜப்பானிலும் அதே வழி நடந்தது. சவேரியார் அங்கே தங்கியது இரண்டேகால் ஆண்டுகள் மட்டுமே. 1551-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் புறப்பட்டார். அவருக்குப் பின் வந்த இயேசு சபையினரும் பிற துறவியரும் செபங்களை மக்களின் நாவில் பதித்தனர். ‘ஒராசியோ’ என்னும் இலத்தீன் சொல் அவர்கள் நாவில் ‘ஒரஷோ’ ஆயிற்று. மனத்தாபத்தைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல் ‘கொஞ்சிரிசான்’ ஆயிற்று.

சவேரியார் ஜப்பானை விட்டுப் புறப்பட்ட அதே 1551-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் நாள், தொலைதூர ஐரோப்பாவில், திரிதெந்து நகரில் கூடியிருந்த பொதுச்சங்கம் ஒப்புரவு அருட்சாதனத்தைப் பற்றிய தன் போதனையை வெளியிட்டது. தண்டனைக்கு அஞ்சி அன்று, இறைவன்மேல் கொண்ட அன்பினால் ஒருவன் தன் பாவத்துக்காக வருந்துவானாயின், அருட்சாதனத்தைப் பெறும் முன்பே அவன் இறைவனோடு ஒப்புரவாகின்றான். ஆயினும் அருட்சாதனத்தைப் பெறவேண்டும் என்னும் விருப்பம் அந்த மனத்தாபத்துக்குள்ளேயே அடங்கியிருக்க வேண்டும் என்பது அப்போதனையின் சாரம். இப்போதனை ஒருநாள் ஜப்பானிய உழவர் குடிசைகளில் ஒரு திருச்சபையையே தாங்கி நிற்கப்போகின்றது என்று அன்று யார்தான் எண்ணியிருக்க முடியும்?

சாட்சிகளும் மற்றவர்களும்

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானில் ஏறக்குறைய 3 இலட்சம் கிறிஸ்தவர்கள் இருந்தனர் என்பர். அதற்கு முன்பே புயல் தொடங்கிவிட்டது. 1587-இல் ஆட்சியாளர் ஹிதெயோஷி மறைப்பணியாளர்களை நாட்டைவிட்டு வெளியேறப் பணித்தார். 1597 பிப்ரவரி 5-ஆம் நாள் நாகசாகியின் குன்று ஒன்றில் 26 பேர் சிலுவையில் அறையப்பட்டனர். அவர்களுள் ஒருவரான கொன்சாலோ கார்சியா நம் நாட்டு வசாய் நகரில் பிறந்தவர். 1614-இல் தொகுகாவா அரசு கிறிஸ்தவ மறையை நாடு முழுவதும் தடைசெய்தது. 1622-இல் நாகசாகியில் ஒரே நாளில் 55 பேர் கொல்லப்பட்டனர். 1637-38-இல் ஷிமாபாராவில், கொடிய வரிச்சுமையாலும் மறைத் துன்புறுத்தலாலும் மூண்ட கிளர்ச்சி இரத்த வெள்ளத்தில் ஒடுக்கப்பட்டது. 1639-இல் போர்த்துக்கீசியக் கப்பல்களுக்குத் துறைமுகங்கள் அடைக்கப்பட்டன. மறைவில் பணியாற்றி வந்த கடைசிக் குரு மான்சியோ கொனிஷி 1644-இல் கொல்லப்பட்டார்.

வேதசாட்சிகளின் வரலாற்றைத் திருச்சபை பெருமையோடு எழுதி வைத்துள்ளது. அவர்களுள் பலரைப் பீடங்களில் ஏற்றி வணங்குகின்றோம். அது தகும். ஆனால் அவர்கள் மறைந்த மறுநாள் விடியலில், வயலுக்கும் கடலுக்கும் போகவேண்டியிருந்த மற்றவர்கள் என்ன ஆனார்கள்?

அவர்களைச் சுற்றி அரசு நெருக்கமானதொரு வலையைப் பின்னியது. ஒவ்வொரு குடும்பமும் ஒரு புத்தக் கோவிலில் தன்னைப் பதிவுசெய்துகொண்டு சான்று பெறவேண்டும். ஐந்து வீடுகள் ஒரு குழுவாகப் பிணைக்கப்பட்டன. ஒரு வீட்டில் கிறிஸ்தவர் அகப்பட்டால் மற்ற வீடுகளும் பொறுப்பேற்க வேண்டும். காட்டிக்கொடுப்பவர்க்கு வெள்ளி நாணயங்கள் பரிசு. இவை எல்லாவற்றுக்கும் மேலாக ‘ஃபுமியே’ வந்தது. அதை நாம் ‘மிதிபடம்’ எனலாம்.

ஏறக்குறைய 1629-ஆம் ஆண்டில் நாகசாகியில் தொடங்கிய வழக்கம் அது. சிலுவையில் தொங்கும் ஆண்டவர், அல்லது குழந்தையை ஏந்திய அன்னை பொறித்த தகடு தரையில் வைக்கப்படும். ஆண்டின் தொடக்கத்தில் ஊர்த் தலைவரின் வீட்டுக்கு அனைவரும் வரவேண்டும். அதிகாரி ஏட்டைப் பார்த்துப் பெயர் அழைப்பார். ஒவ்வொருவரும் முன்வந்து அதன்மேல் கால் வைக்கவேண்டும். கைக்குழந்தைகளின் பிஞ்சுப் பாதங்களையும் அதன்மேல் அழுத்துவர். படுக்கையில் கிடக்கும் நோயாளியின் வீட்டுக்குத் தகட்டையே எடுத்துச் செல்வர். கால் வைக்க மறுப்பவர் மட்டுமல்லர், தயங்குபவரும் பிடிபடுவார். டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இத்தகைய தகடுகள் இன்றும் உள்ளன. எண்ணற்ற பாதங்கள் பட்டுப்பட்டு, அவற்றிலுள்ள திருமுகங்கள் தேய்ந்து வழவழப்பாகிவிட்டன.

இரவில் சொன்ன செபம்

மிதித்துவிட்டு வீடு திரும்பியவர்கள் என்ன செய்தார்கள் என்பதே நமக்கு முக்கியமானது. கதவைச் சாத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, அவர்கள் கொஞ்சிரிசான் செபத்தைச் சொன்னார்கள். செய்ததைப் பொறுக்குமாறு இறைவனிடம் மன்றாடினார்கள். அடுத்த ஆண்டும் மிதித்தார்கள்; அடுத்த ஆண்டும் மன்றாடினார்கள்.

இதற்கு ஆதாரமாக அவர்களிடம் ஒரு சிறு நூல் இருந்தது. ‘கொஞ்சிரிசான் சுருக்கம்’ என்று பொருள்படும் தலைப்புடையது. தடைக்கு முன்னரே, 1603-இல் எழுந்தது. உத்தம மனத்தாபம் என்றால் என்ன, அதற்கு உள்ளத்தை எவ்வாறு ஆயத்தம் செய்வது, எச்சொற்களால் இறைவனிடம் மன்றாடுவது என்பதை அது படிப்படியாக எடுத்துரைக்கின்றது. பாவசங்கீர்த்தனம் கேட்கக் குரு இல்லாத இடத்திலும் மனத்தாபம் மீட்பின் வழியாகும் என்னும் திரிதெந்து சங்கத்தின் போதனையை எளிய ஜப்பானிய நடையில் தருகின்றது. அச்சிட்ட படி ஒன்றும் நமக்குக் கிடைக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக அம்மக்கள் கையால் எழுதி எழுதிக் காத்த படிகளின் வழியாகவே அந்நூல் பிழைத்தது. அகப்பட்டால் உயிருக்கே கேடு விளைவிக்கும் ஏட்டை ஒருவன் இரவு விளக்கின் ஒளியில் படியெடுக்கின்றான் என்றால், அதிலுள்ள ஒவ்வொரு சொல்லும் அவனுக்கு எவ்வளவு தேவையாயிருந்திருக்க வேண்டும்!

சவேரியாரின் கணக்கப்பிள்ளைகளை நினைவூட்டும் ஓர் ஒழுங்கும் அவர்களிடையே இருந்தது. உரகாமி என்னும் ஊரில் ஒருவர் திருநாள்காட்டியைக் காத்து, இன்ன நாள் இன்ன திருநாள் என்று கணித்துச் சொல்வார். வேறு சிலர் ஞானஸ்நானம் கொடுப்பர். இன்னும் சிலர் வீடுவீடாகச் சென்று செய்தி சொல்வர். அந்நாள்காட்டி பஸ்தியான் என்னும் வேதியர் விட்டுச் சென்றது என்பது மரபு. இறந்தவரைப் புத்த முறைப்படியே அடக்கம் செய்தாக வேண்டும் என்பது சட்டம். துறவி வந்து சூத்திரம் ஓதிக்கொண்டிருக்கும்போதே, அடுத்த அறையில் கிறிஸ்தவர்கள் தங்கள் செபத்தை மெல்லச் சொல்லி, இறந்தவரின் ஆன்மாவை ஆண்டவரிடம் ஒப்படைப்பர்.

சாக்கா, மனத்தாபமா?

இங்கே நம் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுந்தாக வேண்டும். எழாவிட்டால் நாம் இவ்வரலாற்றைச் சரியாக வாசிக்கவில்லை என்றே பொருள். ஆண்டுதோறும் மறுதலித்துவிட்டு, ஆண்டுதோறும் மன்னிப்புக் கேட்பது செபமாகுமா? அது வசதியான சாக்கு அன்றோ? நிலத்தையும் உயிரையும் காத்துக்கொள்ள ஒரு கால். விண்ணகத்தைக் காத்துக்கொள்ள ஒரு நாக்கா? அதே நாகசாகியில், அதே தகட்டின் முன், மிதிக்க மாட்டேன் என்று சொல்லி உயிர்விட்டவர்கள் இருந்தார்களே. அவர்களுக்கு நாம் என்ன சொல்வது?

வேதசாட்சிகளின் மகிமையை ஓர் இம்மியும் குறைக்க நமக்கு உரிமை இல்லை. மறுதலிப்பு நல்லது என்று சொல்லவும் நாம் துணியோம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அம்மக்களும் அதை நல்லது என்று சொல்லவில்லை. சாக்குச் சொல்பவன் தான் செய்தது பாவமே அன்று என்பான். வெறும் தகடுதானே, உள்ளத்தில் நான் மாறவில்லையே என்று தன்னைத் தேற்றிக்கொள்வான். அப்படித் தேற்றிக்கொண்டிருந்தால் அவர்களுக்கு அந்தச் செபமே தேவைப்பட்டிராது. செய்ததைப் பாவம் என்று அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அதன் பாரத்தைத் தாங்களே சுமந்தார்கள். குரு வந்ததும் அவர் காலடியில் இதை அறிக்கையிடுவோம் என்னும் விருப்பத்தோடுதான் ஒவ்வோர் ஆண்டும் அச்செபத்தைச் சொன்னார்கள். தந்தை அடைக்காத கடனை மகன் ஏற்பதுபோல, அந்த விருப்பம் தலைமுறைதோறும் கைமாறிக்கொண்டே வந்தது.

ஆண்டவர் கூறிய உவமை இங்கே நினைவுக்கு வருகின்றது. கோவிலுக்குச் செபிக்கச் சென்றவர் இருவர். பரிசேயர் தம் நோன்பையும் காணிக்கையையும் வரிசையாக எடுத்துரைத்தார். வரிதண்டுபவரோ எட்டி நின்று, கண்களை உயர்த்தவும் துணியாமல், மார்பில் அடித்துக்கொண்டார். தமக்கு ஏற்புடையவராக இறைவன் வீட்டுக்கு அனுப்பியது பின்னவரையே. அந்த வரிதண்டுபவர் மறுநாள் என்ன செய்தார் என்று நற்செய்தி சொல்லவில்லை. மீண்டும் அதே சாவடிக்குப் போனாரோ, மீண்டும் விழுந்தாரோ, நாம் அறியோம். அன்று அவர் கையில் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை என்பதும், இருந்தும் கோவிலுக்கு வந்தார் என்பதும் மட்டுமே நமக்குச் சொல்லப்பட்டுள்ளன. முன்னது தாழ்மை; பின்னது விசுவாசம். தாழ்மை மட்டும் இருந்து விசுவாசம் இல்லாதிருந்தால், ஒருமுறை மிதித்தவர் இனி எனக்கு மீட்பு இல்லை என்று செபத்தையே விட்டிருப்பார். விசுவாசம் மட்டும் இருந்து தாழ்மை இல்லாதிருந்தால், மிதித்தது ஒரு பொருட்டன்று என்று துணிந்திருப்பார். இரண்டும் பிரியாமல் நின்றதனால்தான் அச்செபம் 200 ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு இருந்தது.

பதினேழாம் நாள்

பஸ்தியான் ஒரு முன்னறிவிப்பும் விட்டுச் சென்றதாக மரபு உண்டு. ஏழு தலைமுறை கழிந்தபின் பெரிய கருங்கப்பல்களில் பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருக்கள் வருவர். வாரந்தோறும் பாவசங்கீர்த்தனம் செய்யலாம். கிறிஸ்தவப் பாடல்களை வாய்விட்டுப் பாடிக்கொண்டு எங்கும் நடக்கலாம் என்பது அது. துன்புறும் மக்கள் வழக்கமாகக் கனவு காண்பது பகைவரின் வீழ்ச்சியை. அல்லது பொன்னையும் நிலத்தையும். இவர்கள் கண்ட கனவோ பாவசங்கீர்த்தனத் தொட்டி!

1858-இல் பிரான்சோடு உடன்படிக்கை ஏற்பட்டது. அயல்நாட்டாருக்காக நாகசாகியின் ஓவுரா என்னுமிடத்தில் 26 வேதசாட்சிகளின் நினைவாக ஓர் ஆலயம் எழுந்து, 1865 பிப்ரவரியில் அருச்சிக்கப்பட்டது. அங்கே பணியாற்றியவர் பாரீஸ் வேதபோதக சபையைச் சேர்ந்த பெர்னார் பெத்திஷான் அடிகளார். அதே ஆண்டு மார்ச் 17, வெள்ளிக்கிழமை நண்பகல். ஆலயத்தைப் பார்க்க வந்தவர்கள்போல ஆண்களும் பெண்களும் சிறுவருமாக ஏறக்குறைய 15 பேர் வாயிலில் நின்றனர். அடிகளார் கதவைத் திறந்துவிட்டு, பீடத்தின் முன் சென்று முழந்தாளிட்டார். சற்று நேரத்தில் பெண்கள் மூவர் அவரருகே வந்து முழந்தாளிட்டனர். ஒருவர் நெஞ்சில் கை வைத்து, சுவர்களுக்கும் காதுண்டு என்று அஞ்சுபவர்போல, தங்கள் எல்லாருடைய உள்ளமும் அவருடைய உள்ளத்தைப் போன்றதே என்று மெல்லக் கூறினார். பின்பு சாந்தா மரியாவின் திருவுருவம் எங்கே என்று கேட்டார். அவர்கள் உரகாமி ஊரினர்.

அன்னையின் திருவுருவத்தின் முன் நின்றபடி அவர்கள் மேலும் கூறியதை அடிகளார் எழுதி வைத்துள்ளார். தாங்கள் இப்போது துயரக் காலத்தின் பதினேழாம் நாளில் இருப்பதாகச் சொல்லி, நீங்களும் அதைக் கடைப்பிடிக்கிறீர்களா என்று அவர்கள் கேட்டார்கள். அந்த ஆண்டு திருநீற்றுப் புதன் மார்ச் 1-ஆம் நாள். மார்ச் 17 தவக்காலத்தின் பதினேழாம் நாளே! உரோமையின் நாள்காட்டியைக் கண்ணால் காணாத மக்கள், 200 ஆண்டுகளுக்கு மேலாகக் கையெழுத்துப் படியை வைத்தே கணித்தும், ஒரு நாளும் பிசகவில்லை. தாங்கள் பாவிகள் என்று அறிந்தவர்கள் தவக்காலத்தை மறப்பதில்லை போலும்.

நம்மவர்க்கும் இதை ஒத்த நினைவு ஒன்று உண்டு. 1658-இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றியபோது நம் மறையும் தடைக்கு உள்ளாயிற்று. 1687-இல் புனித யோசேவ் வாஸ் அடிகளார் ஏழைக் கூலியாளின் கோலத்தில் இலங்கைக்குச் சென்று, கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடுவீடாகப் பிச்சை கேட்டு நடந்தார். அந்த மாலையைக் கண்டு யார் முகம் மலர்கின்றதோ அவரே கத்தோலிக்கர் என்று கண்டுகொண்டார். நாகசாகியில் மந்தை ஆயனைத் தேடிற்று; யாழ்ப்பாணத்தில் ஆயன் மந்தையைத் தேடினார். இரு இடத்திலும் அடையாளம் அன்னை மரியாளே.

விழுந்தவரும் எழுந்தவரும்

ஓவுராவில் மகிழ்ச்சி நீடிக்கவில்லை. உரகாமி மக்கள் புத்த முறை அடக்கத்தை இனி ஏற்கமாட்டோம் என்றதும், 1867 ஜூலையில் 68 பேர் சிறைப்பிடிக்கப்பட்டனர். சித்திரவதை தாளாமல் பலரும் மறுதலித்து விடுதலையாயினர். உறுதியாக நின்றவர் தகாகி சென்எமோன். விடுதலையானவர்கள் ஊர் திரும்பியபோது வெட்கமும் துயரமும் அவர்களை வாட்டின. ஆயினும் முன்னோர் வழியாக வந்த பழக்கம் ஒன்று அவர்களுக்கு இருந்தது. விழுந்த இடத்திலேயே கிடக்க அவர்கள் கற்கவில்லை. அதிகாரிகளிடமே திரும்பிச் சென்று, தாங்கள் கொடுத்த வாக்கைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தனர்.

1868 முதல் 1870 வரை உரகாமியின் ஏறக்குறைய 3,400 கிறிஸ்தவர்கள் குடும்பம் குடும்பமாகப் பல மாநிலங்களுக்கு நாடுகடத்தப்பட்டனர். ட்சுவானோ என்னுமிடத்தில் பனி உறைந்த குளத்தில் அவர்களை முக்கினர். நிமிர்ந்து உட்கார இயலாத சிறு கூண்டுகளில் அடைத்தனர். 600-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அங்கும் தளர்ந்தவர்கள் உண்டு. வருந்தித் திரும்பியவர்களும் உண்டு. 1873-இல் தடைப் பலகைகள் அகற்றப்பட்ட பின்னரே எஞ்சியவர்கள் ஊர் திரும்பினர்.

திரும்பியவர்கள் செய்த ஒரு செயல் நம் சிந்தனைக்குரியது. 1880-இல் பழைய ஊர்த் தலைவரின் வீட்டு நிலத்தை அவர்கள் விலைக்கு வாங்கினர். அவர்களும் அவர்களுடைய முன்னோரும் ஆண்டுதோறும் மிதிபடத்தின்மேல் கால் வைத்த இடம் அதுதான். மறக்க விரும்பும் இடத்தில் யார் ஆலயம் எழுப்புவார்? அவர்களோ அவ்விடத்தையே தேர்ந்தனர். 1895-இல் தொடங்கிய பேராலயப் பணி மக்களின் காணிக்கையாலும் உழைப்பாலும் 1914-இல் நிறைவுற்றது. கால்கள் மிதித்த இடத்தில் முழங்கால்கள் மண்டியிட்டன. அவமானத்தை மூடி மறைக்காமல் பீடத்தின் அடித்தளமாக்குவதைவிடச் சிறந்த மனத்தாபச் செபம் ஒன்று இருக்குமா என்று நாம் வியக்கின்றோம்.

1945 ஆகஸ்ட் 9. விண்ணேற்புத் திருநாளுக்கு இன்னும் ஆறு நாள்களே இருந்தன. உரகாமிப் பேராலயத்தில் குருக்கள் இருவர் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்தனர். ஏழு தலைமுறை காத்திருந்து பெற்ற அருட்சாதனத்துக்காக மக்கள் வந்திருந்தனர். காலை 11 மணி 2 நிமிடத்துக்கு, அங்கிருந்து ஏறக்குறைய 500 மீட்டர் தொலைவில் அணுகுண்டு வெடித்தது. ஆலயத்தில் இருந்த எவரும் பிழைக்கவில்லை. உரகாமியின் ஏறக்குறைய 12,000 கத்தோலிக்கருள் 8,500 பேர் மாண்டனர்.

இதற்கு என்ன விளக்கம் சொல்ல முடியும்? மனைவியை இழந்தவரும், கதிரியக்க மருத்துவருமான தகாஷி நாகாய், அதே ஆண்டு நவம்பரில் இடிபாடுகளின் அருகே நடந்த இரங்கல் வழிபாட்டில், மாண்டவர்களைப் போரின் பாவங்களுக்காக ஒப்புக்கொடுக்கப்பட்ட எரிபலியாகக் கண்டு பேசினார். அதில் ஆறுதல் பெற்றவர்கள் உண்டு. ஏற்க இயலாதவர்களும் உண்டு. 1981 பிப்ரவரியில் ஜப்பான் சென்ற திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், போர் மனிதனின் செயலே என்று ஹிரோஷிமாவில் அழுத்திக் கூறினார். மனிதன் செய்த கொடுமையை இறைவனின் திட்டம் என்று மற்றவர்க்கு விளக்கம் சொல்வது தாழ்மை ஆகாது என்றே நாமும் கருதுகின்றோம். விளக்கம் கிடைக்காத இடத்திலும் செபத்தை நிறுத்தாமல் இருப்பதே தாழ்மை. இடிபாடுகளுக்குள்ளிருந்து தோண்டி எடுத்த ஆலய மணியை அந்த ஆண்டுக் கிறிஸ்து பிறப்புத் திருவிழிப்பின் இரவில் உரகாமி மக்கள் ஒலித்தார்கள். 1959-இல் பேராலயம் அதே இடத்தில் மீண்டும் எழுந்தது.

நம் நாவிலுள்ள செபம்

இவ்வரலாறு அயல்நாட்டுக் கதையாக நமக்கு எட்டி நிற்கவேண்டியதில்லை. 2020 மார்ச் மாதத்தில் கொள்ளைநோயின் காரணமாக உலகெங்கும் ஆலயக் கதவுகள் சாத்தப்பட்டன. நம் ஊர்க் கோவில்களும் பூட்டப்பட்டன. மருத்துவமனைகளில் பலர் குருவைக் காணாமலே கண்மூடினர். அந்நாள்களில், மார்ச் 20-ஆம் தேதி காலைத் திருப்பலி மறையுரையில் திருத்தந்தை பிரான்சிஸ், பாவசங்கீர்த்தனம் கேட்கக் குருவைக் காண இயலாதவர்கள் நேரே தந்தையாம் இறைவனிடம் திரும்பி, மனத்தாபப்பட்டு, பின்னர் பாவசங்கீர்த்தனம் செய்வதாக உறுதி கூறட்டும் என்று எடுத்துரைத்தார். திருச்சபை புதிதாக ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை. உரகாமிக் குடிசைகளில் இரவு விளக்கின் ஒளியில் படியெடுக்கப்பட்ட அதே போதனையை, நம் பாட்டி நமக்குச் சொல்லிக்கொடுத்த அதே செபத்தை, நினைவூட்டியது.

நெருக்கடி வரும்போது நாம் எப்படிச் செபிக்கின்றோம்? பல வேளைகளில் பேரம் பேசுகின்றோம். இத்தனை நவநாள் செய்தேனே, இத்தனை மெழுகுதிரி ஏற்றினேனே, எனக்கேன் இது என்று கணக்குக் கேட்கின்றோம். அல்லது, என் பாவத்துக்கு இனி மன்னிப்பு ஏது என்று கோவில் வாசலையே மிதிக்காமல் விலகிவிடுகின்றோம். முன்னது பரிசேயரின் செபம். பின்னது செபமே அன்று. ஒரே பாவத்தில் பலமுறை விழுந்து, இனி எந்த முகத்தோடு குருவின் முன் போவேன் என்று பல ஆண்டுகள் ஒதுங்கி வாழ்வோர் நம் பங்குகளிலும் நம் குடும்பங்களிலும் உண்டு. குடியால் விழுந்தவர், கோபத்தால் உறவை முறித்தவர், வேலைக்கோ வழக்குக்கோ அஞ்சி விசுவாசத்தை மறைத்தவர் என எத்தனையோ பேர். அவர்களுக்கு வேதசாட்சிகளின் வீரம் சில வேளை எட்டாத உயரமாகத் தோன்றலாம். மிதித்துவிட்டு வீட்டுக்கு வந்து முழந்தாளிட்ட உழவனின் செபம் அவர்கள் கைக்கு எட்டும்.

மீண்டும் திருச்சபையோடு இணையாமல், முன்னோர் காத்த மறைவு வழிபாட்டிலேயே நின்றுவிட்டவர்களும் நாகசாகிப் பகுதியில் உண்டு. இகிட்சுகித் தீவில் பழைய ஒரஷோ செபங்களை ஓதும் மரபு அண்மைக்காலம் வரை நீடித்தது. அவர்களைத் தீர்ப்பிட நாம் யார்? குருவின்றி, நூலின்றி, கோவிலின்றி அத்தனை ஆண்டுகள் செபிக்கும் நிலை நமக்கு நேர்ந்திருந்தால் நம்மிடம் என்ன எஞ்சியிருக்கும் என்று கேட்டுக்கொள்வதே நமக்குத் தகும்.

இன்றிரவு வீட்டுச் செபம் முடியும் வேளையில் உத்தம மனத்தாபச் செபத்தைச் சற்று மெதுவாகச் சொல்லிப் பார்ப்போம். நம் பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லிக்கொடுப்போம். சொற்களை மட்டுமன்றி, அவற்றின் பொருளையும். நாளை அவர்களுக்கு எத்தகைய காலம் வரும் என்பதை நாம் அறியோம். குருவும் கோவிலும் அருகில் இல்லாத ஓர் இரவில், விழுந்த இடத்திலிருந்து எழ அவர்களுக்கு அச்செபம் ஒன்றே துணையாக நிற்கலாம். முத்துக்குளித்துறையின் தெருக்களில் மணியடித்துக்கொண்டு நடந்த சவேரியார் நம் முன்னோரின் நாவில் செபத்தைப் பதித்துச் சென்றதும் இத்தகைய இரவுகளுக்காகவே அன்றோ?